பெலாச்சான் மூடியின் கறுத்த நாக்கு

சைக்கிள் பம்பு விரலைச் சுட்டபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அசாம் ஜாவா ஊர்ச் சந்திப்பில், ரவாங் போகும் எங்கள் பெக்டரி பஸ்ஸுக்காகக் காத்திருந்த காலை அது. தோட்டத்து லயத்திலிருந்து எண்ணெய்ச் செம்பனைகளுக்கு நடுவே மண் சாலையில் சைக்கிள் மிதித்து வந்து, மாமாக் ரொட்டிக் கடைச் சுவரில் அதைச் சாய்த்துவிட்டுப் பஸ் ஏறுவது என் வழக்கம். அன்று வந்து சேர்ந்தபோது பின் சக்கரம் தட்டையாகிவிட்டது. கடைக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து, ரொட்டி மாவு காய்ந்து ஒட்டியிருந்த பழைய கைப்பம்பை எடுத்துக் கொடுத்தார். அடித்தேன். வால்வுக்குள் ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், காற்று உள்ளே போகவே இல்லை. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. இன்னும் வேகமாக அடித்தேன். பம்பின் அடிப்பக்கத்தைப் பிடித்திருந்த விரல் சுரீரென்று சுட்டது.

"பம்பு என்னாம்மா தப்பு பண்ணுச்சு, இந்தப் போடு போடுற?" என்றார் கடைக்காரர்.

விரலை வாயில் வைத்துக்கொண்டு பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போக வழியில்லாத காற்று. அதை நசுக்கினால் சுடும். நான்காம் படிவத்தில் மலாய் மொழியில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிய பாடம்தான். என் விரலுக்கு அது அன்றுதான் தெரிந்தது. கையால் அடிக்கும் பம்பிலேயே இந்தச் சூடு என்றால், இரும்பு அச்சுக்குள் மெசின் நசுக்கும் காற்று எப்படிச் சுடும்? பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடாதா?

பஸ் ஹார்ன் அடித்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மனசுக்குள் ஓடியது ஒன்றுதான்: அக்காவின் கையில் எந்தத் தப்பும் இல்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. எங்கள் லயத்துக்கு எதிர் லயம். கல்யாணத்துக்கு முன்பு ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது பெண்களுக்கு வேலை குறைந்துபோனது. அப்போது முதல் ஆளாகப் பெக்டரி பஸ் ஏறியவர். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்த என்னைத் தரம் பார்க்கும் வேலைக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

எங்கள் பெக்டரியில் செய்வது பிளாஸ்டிக் டப்பாவும் மூடியும். மெசினின் தலையில் அரிசி போன்ற பிளாஸ்டிக் குருணையைக் கொட்டுவார்கள். சூடான குழாய்க்குள் அது உருகிப் பாகு போல ஆகும். இரண்டு பாதிகளாக இருக்கும் இரும்பு அச்சு இறுக மூடிக்கொண்டதும், அந்தப் பாகை ஒரே அழுத்தாக உள்ளே அடிக்கும். அச்சைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதை ஆற்றும். அச்சு திறக்கும். மெசின் முன்னால் நிற்கும் பெண் கதவைத் தள்ளி, மூடியை எடுத்து, கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால்தான் அடுத்தது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்தில் ஒரு மூடி. கேட்க எளிதாக இருக்கும், ஒரு ஷிப்டு நின்று பார்த்தால் தெரியும்.

மூன்றாம் நம்பர் மெசினில் ஓடியது பெலாச்சான் மூடி. சுங்கை செம்பிலாங்கில் இறால் இடித்துப் பெலாச்சான் போடும் சீன முதலாளி, தவுக்கே ஒருவருக்காகப் புதிதாக வந்த அச்சு. நீள்சதுர டப்பா, அதற்கு மெல்லிய மூடி, மூடியின் ஒரு பக்கத்தில் விரலால் தூக்கித் திறக்கச் சின்னதாக ஒரு நாக்கு. பெலாச்சான் வாடை வெளியே வராமல், உப்புத் தண்ணீர் லோரியில் வழியாமல் மூடி இறுகிப் பிடிக்க வேண்டும். அதனால் பெக்டரியிலேயே நிதானமான கை என்று பெயர் வாங்கியிருந்த அக்காவை அதில் நிறுத்தினார்கள்.

கொஞ்ச நாளில் நாக்கின் நுனி பழுப்பாக வர ஆரம்பித்தது. பிறகு கறுப்பு. சில மூடிகளில் நாக்கின் நுனியே காணோம், எலி கடித்தது போல அரைகுறையாக நின்றது. தரம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்து அவற்றை ஒதுக்கி ஒதுக்கி என் கை ஓய்ந்தது. அப்படியும் தப்பிப் போனவற்றைத் தவுக்கே மூட்டையாகத் திருப்பி அனுப்பினார். சாப்பிடுகிற சாமானின் மேல் கறுப்பு இருந்தால் பூஞ்சணம் என்றுதானே ஜனங்கள் நினைப்பார்கள் என்று அவர் கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பு இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் சொன்னதுதான் தப்பு. அவரும் தமிழர்தான். அவருடைய அப்பா ஏதோ ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ரவாங் டவுனில் வீடு வாங்கிய பிறகு அவருக்கு மட்டும் அது மறந்துவிட்டது. எங்களைப் பற்றிப் பேசும்போது "எஸ்டேட் ஆளுங்க" என்பார், தான் கப்பலில் நேரே டவுனுக்கு வந்து இறங்கியவர் போல. நேருக்கு நேர் அவரை அண்ணே என்போம். முதுகுக்குப் பின்னால் பெரிய கிராணி, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதி அதிகாரம் பண்ணுகிறவருக்கு உள்ள பெயர்.

அவருடைய முடிவு இது: அக்கா கதவைச் சாத்துவதில் சுணங்குகிறார். சுணங்கும் நேரமெல்லாம் பிளாஸ்டிக் சூட்டுக் குழாய்க்குள்ளேயே கிடந்து கருகுகிறது. கருகினதுதான் மூடியில் கறுப்பாக வருகிறது. கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும், பிளாஸ்டிக் குழாயில் அதிக நேரம் கிடந்தால் கருகும் என்பது உண்மைதான். இந்த அரை உண்மையை வைத்துக்கொண்டு மனிதர் என்னென்ன செய்தார் என்கிறீர்கள்? அக்கா பாத்ரூம் போக வேண்டுமென்றால் தன்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார். மூன்று பிள்ளை பெற்ற மனுஷி, பள்ளிக்கூடத்துச் சிறுமி போலக் கையைத் தூக்கி நின்றார். அதுவும் போதாமல், ஒரு நாள் எல்லார் முன்னாலும் அவரை மெசினிலிருந்து இறக்கி, பின்கட்டில் இருந்த கிரஷர் அறைக்கு அனுப்பினார்.

கிரஷர் என்பது கெட்டுப்போன மூடிகளை மறுபடி குருணையாக அரைக்கிற இயந்திரம். தகரக் கொட்டகை. காதைப் பிளக்கும் சத்தம். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. அங்கே போனவர்கள் தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிடுவார்கள், யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அதற்காகத்தான் அனுப்புவதே.

பம்பு சுட்ட அன்று மத்தியானம் நான் சாப்பாட்டுத் தூக்கோடு நேரே அங்கேதான் போனேன். நினைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அச்சு மூடும்போது உள்ளே வெறும் இடமா இருக்கிறது? காற்று இருக்கிறது. பாகு உள்ளே பாயும்போது அந்தக் காற்று ஓடி ஒதுங்க ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் கடைசி மூலையில் மாட்டிக்கொள்ளும். பாகு பின்னாலிருந்து நசுக்கும். சுடும், கருக்கும், அந்த மூலையை நிரம்பவும் விடாது. அதனால்தான் கறுப்பும் அரைகுறை நாக்கும் ஒரே இடத்தில் வருகின்றன.

"கத்திப் பேசு பிள்ள. இங்க சாமியே வந்து கூப்பிட்டாலும் காதுல விழாது" என்றார் அக்கா.

கிரஷரை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். குழாயில் கருகியிருந்தால் கறுப்பு இன்ன இடம் என்று பார்த்தா வரும், மூடி முழுக்கத் தெறித்த மாதிரி அல்லவா வர வேண்டும் என்று நான் கேட்டதும், அவர் பிசைவதை நிறுத்தினார்.

"அத அந்த ஆளுகிட்ட சொன்னியா?"

"சொல்லத்தான் போறேன். கையில ஏதாச்சும் வச்சிக்கிட்டுச் சொல்லணும்ல."

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. குருணை விற்கிற கம்பெனியின் ஆள் எப்போதாவது மேனேஜர் அறையில் விட்டுப்போகும் ஆங்கில விளம்பரத் தாள்களை, குப்பைக்குப் போகுமுன் நான் எடுத்து வந்து பஸ்ஸில் படிப்பேன். பாதி புரியாது. புரிந்த பாதியில் ஒன்று இது: அச்சுக்குள் பாகு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமானால், வேண்டுமென்றே குறைவாக அடி. கொஞ்சம் அடித்து எடு, இன்னும் கொஞ்சம் கூட்டி அடித்து எடு. அரைகுறைத் துண்டுகளை வரிசையாக வைத்தால், பாகு முதலில் எங்கே போகிறது, கடைசியில் எங்கே வந்து சேருகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு மெசினின் அளவைத் திருக வேண்டும். திருகுகிற பெட்டிக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி பெரிய கிராணியின் இடுப்பில்.

ஆனால் ஷிப்டு தொடங்கும்போது மெசின் சூடேறி நிதானத்துக்கு வருமுன் தானாகவே அரைகுறை மூடிகளைத் துப்பும். அதையெல்லாம் மூட்டை கட்டி எங்கே அனுப்புவார்கள்? கிரஷருக்கு. தண்டனை என்று நினைத்து அக்காவை அவர் உட்கார வைத்த இடத்துக்கே சாட்சிகளையும் மூட்டை மூட்டையாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

அக்கா அரைக்குமுன் பொறுக்கினார். பால்கோப்பைகளை அடுக்கிப் பழகிய கை, அளவு பார்த்து அடுக்கிவிட்டது. கால் மூடி, அரை மூடி, முக்கால் மூடி, நாக்கு மட்டும் இல்லாத மூடி, நுனி மட்டும் இல்லாத மூடி. ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தபோது நான் குனிந்து பார்த்தேன். நடுவிலிருந்து பாகு பூப்போல விரிந்து, ஓரங்களைத் தொட்டு, கடைசியில் அந்தச் சின்ன நாக்குக்குள் நுழைவது கண்முன் தெரிந்தது. அங்கேதான் காற்று மாட்டுகிறது. வேறு எங்கேயும் இல்லை.

நான் அந்த வரிசையோடு பெரிய கிராணியிடம் போனேன். அவர் துண்டுகளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, இஞ்சினியர் ஆயிட்டியா? தொப்பி வாங்கித் தரவா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவை இறக்கிய பிறகு மூன்றாம் நம்பரில் வேறொரு பெண் நிற்கிறாள், படு சுறுசுறுப்பு, அவள் கையிலும் நாக்கு கறுத்துத்தானே வருகிறது என்று கேட்டேன். அவளும் சுணக்கம்தான் என்றார். கறுப்பு வந்தால் கை சுணக்கம். கை சுணக்கம் என்பதற்கு ஆதாரம் கறுப்பு. படித்தவர், மாதச் சம்பளக்காரர், நாற்காலியில் உட்கார்ந்து இப்படிப் பேசுகிறார். சரி, அச்சையாவது திறந்து காட்டுங்கள், காற்று போகும் வழி எங்கே என்று பார்க்கிறேன் என்றேன். பொம்பளைப் பிள்ளைகள் மோல்டு வேலையில் தலையிட வேண்டாம், அச்சு பழுது பார்க்கும் மோல்டு ரூம் பக்கமே வரக்கூடாது என்றார். நாள் முழுக்க அந்த அச்சின் வாய்க்குள் கையை விட்டு மூடி எடுப்பது பொம்பளைப் பிள்ளைகள்தான். அதற்கு மட்டும் தடை இல்லை.

கோலாலம்பூரிலிருந்து மேனேஜர் வருகிற நாளுக்காகக் காத்திருந்தேன். அவர் தவுக்கே திருப்பி அனுப்பிய மூட்டைகளைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தபோது, அரைகுறை மூடிகளை அவர் மேசையில் வரிசையாக வைத்தேன். என் ஆங்கிலம் தடுக்கியது. தடுக்கினாலும் நிற்கவில்லை. பெரிய கிராணி கதவருகில் நின்று இருமிக்கொண்டே இருந்தார். மேனேஜர் நாக்கில்லாத மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெசினை நிறுத்தி அச்சைத் திறக்கச் சொன்னார்.

மோல்டு ரூம்காரர் விளக்கைப் பிடித்தார். நாக்கின் நுனிக்கு மேலே, அச்சின் முகத்தில், முடியை விட மெல்லிய ஒரு பள்ளம் இருக்க வேண்டும், அதன் வழியாகத்தான் காற்று வெளியேறும் என்றார். பள்ளம் இருந்தது. ஆனால் அடைத்திருந்தது. பித்தளைத் தகட்டால் அவர் சுரண்டியபோது மஞ்சளும் பழுப்புமாகப் பொரிந்து வந்தது. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. பிளாஸ்டிக் வாசனை அல்ல. சந்தனம்.

அந்த அச்சு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் பக்கம் புது லோரி வந்தாலும் டிராக்டர் வந்தாலும் பொட்டு வைக்காமல் யாரும் சாவியைத் திருகமாட்டார்கள். அச்சுக்கும் வைத்தோம். மெசினில் ஏற்றி, இரண்டு பாதியும் திறந்து, கண்ணாடி போல மின்னிக்கொண்டு நின்றது. ஊதுபத்தி, வாழைப்பழம், அவித்த கடலை எல்லாம் வைத்தோம். மெசினில் நிற்கப் போகிறவர் என்பதால் அக்காதான் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எங்கே வைப்பார்? நிமிர்ந்து நிற்கும் ஒன்றுக்கு மேலே நடுவில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில்தான் வைப்பார். அச்சு நின்ற நிலையில் நாக்கு இருந்தது அங்கேதான். முதலில் வந்த மூடிகளில் மஞ்சள் ஒட்டியது. அக்கா பதறிப்போய்த் துணியை எடுத்து, ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் அழுத்தி அழுத்தித் துடைத்தார். துடைத்ததில்தான் பள்ளத்துக்குள் போயிருக்கிறது. பிறகு மெசினின் அழுத்தமும் சூடும் அதைச் சுட்ட செங்கல் மாதிரி ஆக்கிவிட்டன.

இதெல்லாம் என் தலைக்குள் ஓடி முடியுமுன் பெரிய கிராணி பேச ஆரம்பித்துவிட்டார். மேனேஜரிடம் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. எஸ்டேட் ஆட்கள் சார், மூடநம்பிக்கை சார், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார்கள் சார்.

எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் குறையவில்லை. பூஜை அன்று முன்வரிசையில் நின்றவர் யார்? திருநீறு பூசிக்கொண்டு, இரண்டு பழம் கூடுதலாக வாங்கிக்கொண்டு, மேனேஜர் வந்தால் கண்ணில் படும்படி நல்லா நடுவில் வைங்க என்று சொன்னவர் யார்?

அக்காவைக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள். தலையில் வெள்ளைத் தூசியோடு வந்து நின்றார். நடந்ததை நான் தமிழில் சொன்னேன். அவர் அந்தப் பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மேனேஜரைப் பார்த்துத்தான் பேசினார், மொழி புரியாது என்று தெரிந்தும்.

"நான்தான் வச்சேன். நெத்தின்னு நெனச்சு வச்சேன். அது மூச்சு விடுற மூக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல."

பெரிய கிராணியின் பக்கம் திரும்பினார். "அண்ணே, நடுவுல வைக்கச் சொன்னது நீங்க. ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சா ஏன் சொல்லல? தெரியலன்னா நீங்க என்னா சூப்பர்வைசர்?"

அவர் வாட்ச்சைப் பார்த்தார். அக்கா கேட்டதை மேனேஜருக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

பள்ளத்தைச் சுத்தம் செய்து மெசினை ஓடவிட்டார்கள். நாக்கு வெள்ளை வெளேரென்று, நுனி வரை நிரம்பி வந்தது. அடுத்ததும் அப்படியே. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டிவிட்டார்கள். ஆக, கை சுணக்கம் என்பது பொய் என்று எல்லார் கண் முன்னாலும் தெரிந்துவிட்டது. அக்கா மெசினுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன்.

நினைத்தது நான் மட்டும்தான். இனிமேல் பெக்டரிக்குள் பூஜை கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அச்சைக் கெடுத்ததற்காக அக்கா கிரஷர் அறையிலேயே இருக்கட்டும் என்றார். குற்றம் மாறிவிட்டது, தண்டனை மாறவில்லை. நடுவில் வைக்கச் சொன்னவர் நாற்காலி அசையாமல் இருந்தார். அச்சுகளில் காற்று போகும் வழி எங்கே இருக்கிறது என்று மெசினில் நிற்கும் பெண்களுக்குக் காட்டிவிடுங்கள், தினமும் துடைத்து வைப்பார்கள் என்று நான் கேட்டதற்கு, அது ஆபரேட்டர்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்று பதில் வந்தது. தேவையில்லையாம். தேவையில்லாததால்தானே இத்தனை மூட்டை அரைபட்டது.

அன்று மாலை பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பொருமிக்கொண்டே வந்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சாமிக்குச் செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று வருந்துகிறாரோ என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றார். சாமி கோபித்துக்கொள்ளாது, சாமிக்கு எல்லா இடமும் நெற்றிதான். பால்மரத்தில் எங்கே கத்தியை வைக்க வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று வேலை மேய்க்கும் மண்டோர் முதல் நாளே காட்டிவிடுவார், காட்டாமல் யாரையும் மரத்தைத் தொட விடமாட்டார், இங்கே மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று அவர் கேட்டார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். கொஞ்ச நாள் கழித்து, சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, ஊதுபத்தி வாசனைகூட இல்லை, நாக்கு மறுபடி பழுப்பானது. பிறகு கறுத்தது. நான் அந்த விளம்பரத் தாள்களை மறுபடி புரட்டினேன். அங்கேயே இருந்தது, முதல் தடவை எனக்குப் புரியாத பாதியில். சூடான பிளாஸ்டிக்கிலிருந்து எப்போதும் ஒரு புகை வரும். அந்தப் புகை மெழுகு மாதிரிப் படிந்து காற்றுவழியை மெல்ல மெல்ல அடைக்கும். அடிக்கடி சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். சந்தனம் சீக்கிரம் அடைத்தது, புகை தாமதமாக அடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பூஜையே நடந்திருக்காவிட்டாலும் ஒரு நாள் கறுத்துத்தான் இருக்கும். அப்போதும் அக்காவைத்தான் இறக்கியிருப்பார்கள்.

பெரிய கிராணி என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் நம்பரில் நின்ற அந்தச் சுறுசுறுப்பான பெண்ணைக் கூப்பிட்டு, கை சுணக்கம் என்றார். பாத்ரூம் போக வேண்டுமானால் தன்னிடம் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

நான் மேனேஜருக்காகக் காத்திருந்தேன். தவுக்கேயின் லோரி வருகிற நாளும் மேனேஜர் வருகிற நாளும் ஒன்றாக அமைந்தது. லோரியில் மறுபடி மூட்டைகள். மேனேஜர் அறைக்குள் அனுமதி கேட்காமலே நுழைந்தேன். இந்த முறை எங்கே இருக்கிறது சார் சந்தனம் என்று கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மூட்டைகள் அவரையும் களைக்க வைத்திருந்தன போலும். உனக்கு என்னதான் வேண்டும் என்றார்.

சொன்னேன். தவுக்கேக்கு இன்னும் மெல்லிய மூடி வேண்டும் என்பதற்காகப் புதிய அச்சு ஒன்று வருகிறது, ஒரே அடியில் இரண்டு மூடி தருவது. மூடி மெல்லியதாக ஆக ஆகப் பாகை இன்னும் வேகமாக அடிக்க வேண்டும், வேகம் கூடினால் காற்று தப்பிக்க நேரம் குறையும். பழைய அச்சுக்கே இந்தப் பாடு என்றால் இதற்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா என்றேன். ஒரு ஷிப்டு, ஒரே ஒரு ஷிப்டு, நான் சொல்கிறபடி ஓட்ட விடுங்கள் என்றேன். பெட்டியின் சாவியும் அக்காவும் வேண்டும் என்றேன்.

சாவிக்குத் தயங்கினார். அக்காவுக்கு அதைவிட அதிகம் தயங்கினார். கடைசியில் ஒரு கணக்குச் சொன்னார். அந்த ஷிப்டு முழுக்க நாக்கு வெள்ளையாக வந்தால் அக்கா அந்த மெசினிலேயே இருக்கலாம். கறுத்தால் அக்கா கிரஷருக்குத் திரும்ப வேண்டும், நான் என் மேசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் மூடி எண்ண வேண்டும். பந்தயம் கட்ட அக்காவின் வேலைதான் கிடைத்ததா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

கிரஷர் அறையில் அக்கா மூட்டையை உதறிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, தலைத் துணியை அவிழ்த்துத் தூசியைத் தட்டினார்.

"தோத்தா இங்கதானே வரணும்? இப்ப மட்டும் எங்க இருக்கேன்? சரின்னு சொல்லு."

அச்சு அடுத்த வாரம் வருகிறது. மெசினில் ஏற்றுமுன் அதைத் தரையில் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லா ஆபரேட்டர்களும் சுற்றி நின்று பார்க்க வேண்டும், மோல்டு ரூம்காரர் காற்று போகும் வழி ஒவ்வொன்றையும் சுண்ணாம்புக் கட்டியால் சுற்றிக் காட்ட வேண்டும். பாகு முக்கால்வாசி போகும்வரை வேகம், நாக்குக்குள் நுழையும் கடைசி நேரத்தில் மட்டும் நிதானம், காற்று முதலில் வெளியே போகட்டும் என்று மெசினில் திருகப் போகிறேன். அதைத் திருக இதற்குமுன் எந்தப் பெண்ணையும் விட்டதில்லை. ஷிப்டு தொடங்குமுன்னும் சாப்பாட்டு நேரத்திலும் அக்கா பித்தளைத் தகட்டால் வழியைத் துடைப்பார். பொட்டும் வைப்போம், உத்தரவு இருந்தாலும். மெசினின் தோளில், வெளிப்பக்கம், காற்றுக்கும் பாகுக்கும் வேலையே இல்லாத இடத்தில் வைப்போம். பெரிய கிராணி முன்வரிசையில் நிற்க விரும்பினால் நிற்கட்டும், பழம் ஒன்றுதான்.

மாமாக் கடைக்காரரிடம் பம்பைக் கேட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்குத் தருகிறேன், ஆனால் உடைத்துவிடாதே என்றார். பஸ்ஸில் கொண்டுபோய், அச்சைச் சுற்றி நிற்கிற பெண்கள் கையில் ஒவ்வொருவராகக் கொடுத்து, பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடிக்கச் சொல்லப் போகிறேன். விரல் சுடட்டும். அதற்குப் பிறகு அக்கா மெசினின் கதவைச் சாத்துவார்.